வயலுக்குப் போன ராணுவ லாரி: மீட்டெடுக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது லட்சக்கணக்கான ராணுவ லாரிகள் வேலையில்லாமல் நின்றன. ஏலத்தில் போய், அவற்றில் ஏராளமானவை பண்ணைகளுக்கு வந்து சேர்ந்தன. பின்தளத்தைக் கழற்றிவிட்டு டிப்பர் வைத்தார்கள், தானியத் தொட்டி வைத்தார்கள், மரம் தூக்கக் கிரேன் வைத்தார்கள். முப்பது நாற்பது வருஷம் உழைத்த பிறகு ஒரு நாள் வேலியோரமாக நிறுத்தியதோடு சரி, அப்புறம் யாரும் சாவியைத் தொடவில்லை.

அப்படி நின்ற ஒன்றைத்தான், ஜிஎம்சி சிசிகேடபிள்யூ 353 என்ற அமெரிக்க லாரியை, ஏழு வருஷமாகப் பிரித்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன். பார்க்க வருபவர்கள் கேட்பதும், இதே வேலையில் இறங்கியவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எனக்குப் பழக்கம் இந்த வண்டியில் என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே அதிகம் வரும். டாட்ஜ், பெட்ஃபோர்டு, கனடாவில் செய்த ஃபோர்டு, செவ்ரோலெ லாரிகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

என்னிடம் இருப்பது உண்மையிலேயே ராணுவ லாரியா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் டேஷ்போர்டைப் பாருங்கள். தகவல் தகடுகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாடல், தொடர் எண், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி, எந்த கியரில் எவ்வளவு வேகம் போகலாம் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் இருக்கும். தகடு போயிருந்தால் திருகு ஓட்டைகளாவது மிச்சமிருக்கும். அந்த ஓட்டைகளின் இடைவெளியே ஒரு சாட்சி.

அடுத்தது சேசில் குத்திய எண். முன்பக்கம் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தைச் சுற்றி, கிரீஸும் மண்ணும் விரல் கனத்துக்கு ஏறியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், லேசாகக் குத்திய எண் அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள்.

ஜிஎம்சியின் பெயரே ஒரு குறியீடு. முதல் சி என்றால் 1941ஆம் ஆண்டு வடிவம், இரண்டாவது சி என்றால் எஞ்சினுக்குப் பின்னால் அமைந்த வழக்கமான கேபின், கே என்றால் முன் ஆக்சிலும் இழுக்கும், டபிள்யூ என்றால் பின்னால் இரண்டு ஆக்சிலும் இழுக்கும். 352 குட்டை சேஸ், 353 நீளமானது. கனடா லாரி என்றால் முகத்தைப் பார்த்தாலே போதும்: மூக்கு சப்பை. பிந்தைய கேபினில் முன் கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே துருத்தி, அடிப்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னி விமானத்திலிருந்து தெரிந்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள்.

என் லாரி போரில் எங்கே ஓடியது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஜிஎம்சி வைத்திருப்பவர்கள் எல்லோரும் தங்கள் வண்டி ரெட் பால் எக்ஸ்பிரஸில் ஓடியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவார்கள். நார்மண்டியிலிருந்து முன்னேறிய படைகளுக்கு எரிபொருளும் குண்டும் கொண்டுபோன அந்த லாரித் தொடர் 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை ஓடியது. உச்சத்தில் கிட்டத்தட்ட 6,000 வண்டிகள், நாளொன்றுக்கு சுமார் 12,500 டன். ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். பெருமைக்குரிய கதைதான். ஆனால் காகிதம் கையில் இல்லாமல் உங்கள் லாரியை அந்தக் கதைக்குள் ஏற்றாதீர்கள். ஜிஎம்சி இந்த வகை லாரிகளை 5 லட்சத்துக்கும் மேல் செய்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பெயிண்டுக்கு அடியில் பழைய ராணுவ எண் இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். ஆனால் அதைப் பார்க்க ஒரே ஒரு வாய்ப்புதான்.

பண்ணைக்காரர்கள் பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு அடித்ததில்லை. மேலேயே பிரஷ்ஷால் பூசினார்கள். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும். ஒவ்வொரு பூச்சும் கீழே இருப்பதைப் பாதுகாத்து வைத்திருக்கிறது.

முதலில் இரவில் போய், டார்ச்சைப் பானெட்டின் பக்கத்தில் கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில் பிடித்துப் பாருங்கள். ஸ்டென்சில் வைத்து அடித்த எழுத்தின் விளிம்பு மிக மெல்லிய மேடாக நிழல் விடும். எங்கே தேய்ப்பது என்று அப்போது தெரிந்துவிடும். பிறகு 400 நம்பர் நீர் உப்புத்தாள், சோப்புத் தண்ணீர், பொறுமை. அடிப்பூச்சின் நிறம் எட்டிப் பார்த்ததும் 800க்கு மாறுங்கள். மிஷின் வைக்கவே கூடாது. பெயிண்ட் கரைக்கும் ஜெல்லும் வேண்டாம், அது எல்லா அடுக்கையும் சேர்த்து உரித்துவிடும்.

என் வண்டியின் இடது பக்கப் பானெட்டில் மேலே பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் சாம்பல், அதற்கும் கீழே ஆலிவ். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு 4 தெரிந்தது. இரண்டரை டன் வகை அமெரிக்க லாரிகளின் பதிவெண் 4இல் தொடங்கும் என்பதால் சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கை வேகமாகப் போனது. மூன்றாவது இலக்கத்தில் தகரம் தெரியும்வரை தேய்த்துவிட்டேன். அது 3ஆ 8ஆ என்று இன்றுவரை வீட்டில் சண்டை. அதனால் சொல்கிறேன்: ஒவ்வொரு இரண்டு நிமிஷத்துக்கும் நிறுத்தி, துடைத்து, படம் எடுங்கள்.

ஆரம்ப கால எண்கள் வெள்ளையில் இல்லை, மங்கிய நீலத்தில் இருக்கும். ஆலிவ் பச்சையின் மேல் அது கண்ணுக்கே தெரியாது. ஈரமாக இருக்கும்போது மட்டும் லேசாகத் தெரியும்.

ராணுவ வண்டியாக மாற்றுவதா, பண்ணை வண்டியாகவே வைப்பதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராணுவத்தில் இந்த லாரி இருந்தது இரண்டு மூன்று வருஷம். பண்ணையில் இருந்தது முப்பது. பண்ணைக்குப் போகாத அதன் கூட்டாளிகள் பெரும்பாலும் உருக்காலைக்குப் போய்விட்டன. நாம் திட்டிக்கொண்டே வெட்டி எடுக்கும் அந்த அசிங்கமான இழுவைக் கொக்கிதான் வண்டியைக் காப்பாற்றியது.

அதற்காக எதையும் தொடாதே என்று சொல்லவில்லை. மாற்றங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். வண்டிக்குக் கேடு செய்வது: பிரேக் குழாயை மடக்கி நசுக்கி அடைத்தது, சேசில் கேஸ் கட்டரால் போட்ட ஓட்டை. இது போக வேண்டும். நல்ல கைவேலை: டிப்பர் தூக்கும் அமைப்பு, கையால் வளைத்த ஏணிப்படி மாதிரி. இதைக் கழற்றினால் போட்ட மாதிரியே திரும்ப மாட்டும் வகையில் எண் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாவது, அவசரத்துக்குக் கட்டிய கம்பி, நசுங்கிய தகர டப்பாவில் செய்த ஒட்டு. அது உங்கள் இஷ்டம்.

என் வண்டியில் கேபின் கதவு பண்ணைக்காரர் தாமே செய்தது. பலகை அடித்து மேலே தகரம் போர்த்திய கதவு. 1943 வாக்கில் ஜிஎம்சியில் தகரக் கேபினுக்குப் பதிலாகக் கித்தான் கூரை போட்ட திறந்த கேபின் வரத் தொடங்கியது. மழைக்கும் குளிருக்கும் அது சரிப்படாது என்று பலரும் இப்படிச் சொந்தக் கதவு செய்துகொண்டார்கள். கதவின் உட்பலகையில் பென்சிலில் நான்கு நேர்கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து ஐந்தாகக் கணக்கு. மூட்டையோ, நடையோ தெரியவில்லை. பதினொரு வரிசை. கடைசி வரிசையில் மூன்று கோட்டோடு நின்றுபோயிருக்கிறது. வண்டி முழுக்க ஆலிவ் பச்சைக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கதவை அப்படியே மாட்டியிருக்கிறேன். ராணுவ வண்டிப் பிரியர்கள் சிலர் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

சேசில் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

வண்டி என்ன சுமந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தானியம் சுமந்தது என்றால் கவலை குறைவு. ரசாயன உரமோ சாணமோ சுமந்தது என்றால் சேசின் மேல் தகட்டை அடியிலிருந்து சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். உப்பு தின்ற இரும்பு தொப்பென்று சொல்லும். குறுக்குச் சட்டம் சேசோடு ரிவெட் அடித்திருக்கும் இடங்களில் இரண்டு தகட்டுக்கும் நடுவே துரு உப்பி, தகட்டையே பிரித்திருக்கும். அதைப் பெயிண்டால் மூட முடியாது. ரிவெட்டை எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப ரிவெட்டோ இறுக்கமான உயர்ரக போல்ட்டோ போட வேண்டும்.

அடுத்தது நீளம். டிப்பருக்காகப் பின்னால் வெட்டியிருப்பார்கள், அல்லது நீளம் கூட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் மூலைக்கு மூலை நாடா வைத்து அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் ஒட்டு கோணலாகப் போயிருக்கிறது, அல்லது வண்டி எங்கோ இடித்திருக்கிறது. சேசின் வளைவுக்குக் குறுக்கே நேராகப் போட்ட வெல்டிங் இருந்தால் அதை அனுபவமுள்ள ஆளிடம் காட்டாமல் வண்டியைச் சுமை ஏற்றி ஓட்டாதீர்கள்.

எலிக்கூடு, குளவிக்கூடு, முளைத்த கோதுமை எல்லாம் சேசுக்குள் இருக்கும். கையை விடுவதற்கு முன் குச்சியை விடுங்கள்.

எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதல் விதி: இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து கியரில் போட்டுச் சுற்ற வைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட வால்வோ பிஸ்டனோ இருந்தால், இழுத்த பத்தாவது அடியில் தள்ளுகோல் வளையும், ராடும் வளையலாம்.

ஆயில் பிளக்கைக் கொஞ்சமாகத் திருகித் திறந்து, முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். தண்ணீர் வந்தால் கேஸ்கெட்டோ, உறைபனியில் வெடித்த பிளாக்கோ இருக்கலாம். அல்லது புகைக்குழாய் வானம் பார்த்தபடி இருந்து மழை உள்ளே போயிருக்கலாம். பண்ணை வண்டிகளில் புகைக்குழாயை நேராக மேலே தூக்கிவிடும் வழக்கம் உண்டு. அதன் மேல் கவிழ்த்து வைத்த தகர டப்பா என்றைக்கோ பறந்திருக்கும். என் வண்டியில் ஆறில் இரண்டு சிலிண்டர் அப்படித்தான் துருப்பிடித்தன.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து இரண்டு கரண்டி விடுங்கள். ஒரு வாரம் மறந்துவிடுங்கள். பிறகு முன்னால் ஹேண்டில் போட்டு, முன்னும் பின்னும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே போதும், மீதி தானாக வரும். அசையவில்லை என்றால் இன்னொரு வாரம். என்னுடையது பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது. சுற்றத் தொடங்கியதும் ஸ்டார்ட் பண்ணத் துடிக்காதீர்கள். ஆயில் தொட்டியைக் கழற்றி, அடியில் படிந்த கறுப்புச் சேற்றை அள்ளுங்கள். நவீன ஆயில் அதைக் கரைத்துக்கொண்டு போய் வழிகளை அடைக்கும்.

ஜிஎம்சியில் இருப்பது 270 கன அங்குல, அதாவது சுமார் 4.4 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். முரட்டு எஞ்சின், கொஞ்சம் கவனித்தால் போதும். கனடா செவ்ரோலெ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அந்த 216 கன அங்குல எஞ்சினில் ராடு பேரிங்குகளுக்கு ஆயில் அழுத்தத்தோடு போவதில்லை, அகப்பை மாதிரி ஒரு முனை ஆயிலை அள்ளிக்கொள்ளும். ஆயில் அழுத்த மீட்டரில் 15 பவுண்டு காட்டினால் பயந்து எஞ்சினைப் பிரிக்காதீர்கள். அதற்கு அதுதான் இயல்பு.

பண்ணைக்காரர் டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார். பழையது வேண்டுமா?

சேஸ் வெட்டுப்படாமல் இருந்தால் தேடிப் பிடித்து மாற்றலாம். எஞ்சின் இருக்கைகளையும் முன் குறுக்குச் சட்டத்தையும் வெட்டி எறிந்திருந்தால் செலவும் வேலையும் இரட்டிப்பாகும். டீசலோடேயே ஓட்டுங்கள், தப்பில்லை.

சக்கரத்தைக் கழற்றும்போது ஆபத்து என்கிறார்களே, அவ்வளவா?

அவ்வளவுதான். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்த லாரிகளின் ரிம் ஒரே துண்டு அல்ல. ஜிஎம்சியில் டயரை இரும்பு வளையம் ஒன்று பிடித்திருக்கும். டாட்ஜ், கனடா, பிரிட்டன் லாரிகள் பலவற்றில் ரிம் இரண்டு பாதி, நடுவில் போல்ட் போட்டுச் சேர்த்திருக்கும். வளையம் துருப்பிடித்திருந்தால் காற்றடிக்கும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும். இரண்டு பாதி ரிம்மில் இன்னொரு பொறி: சக்கரத்தை ஹப்பில் பிடிக்கும் நட்டும், இரண்டு பாதியைச் சேர்க்கும் நட்டும் அடுத்தடுத்து இருக்கும். காற்று இருக்கும்போது தவறான நட்டைக் கழற்றினால் ரிம் பாதியாகப் பிளந்து முகத்தில் அடிக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள். இதற்காகவே பிரிட்டன் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்புப் பூச்சு அடித்தார்கள். பண்ணைப் பெயிண்ட் அந்தச் சிவப்பை மூடியிருக்கும்.

எனவே, சக்கரத்தைத் தொடும் முன் வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிடுங்கள். இஸ்ஸென்ற சத்தம் நின்றதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். துருத்தூள் அடைத்தாலும் சத்தம் நிற்கும். மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும். திரும்பக் காற்றடிப்பது கம்பிக் கூண்டுக்குள், நீளமான குழாயில், நேரெதிரே நிற்காமல். வளையம் சரியாக உட்காரவில்லை என்று காற்றோடு சுத்தியலால் தட்டுகிற ஆள் இருந்தால் அந்த இடத்தை விட்டு விலகிப் போங்கள்.

இன்னொன்று, இது உயிர்ச்சேதம் இல்லை, பொருள்சேதம்: இடது பக்கச் சக்கரங்களின் நட்டு இடது மரை. ஸ்டட்டின் முகப்பில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். தெரியாமல் நீளக்குழாய் மாட்டித் தொங்கி, நான் இரண்டு ஸ்டட்டை முறித்தேன். முறிந்த பிறகுதான் அந்த எழுத்து கண்ணில் பட்டது.

பிரேக்கை எதிலிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் கழற்றி எறிவதிலிருந்து. இதில் சிக்கனம் வேண்டாம். இந்த லாரிகளில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்புதான். எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். வேலியோரம் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் ஒவ்வொன்றும் துருவில் குழிபட்டிருக்கும். உள்ளே எவர்சில்வர் குழல் போட்டுக் கடையச் செய்துகொள்ளலாம். ரப்பர், குழாய் அத்தனையும் புதிது.

ஜிஎம்சியில் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் மிதிக்குத் துணை செய்யும் ஒரு உருளை உண்டு. அது பழுதானதும் பண்ணையில் குழாயை நேராக இணைத்து ஓட்டியிருப்பார்கள். வயலில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் அது போதும். சாலையில், 4 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்குப் போதாது.

சிலிகான் பிரேக் ஆயில் ஊற்றலாமா என்று கேட்பார்கள். நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு அது நல்லது, ஈரத்தை இழுக்காது. ஆனால் பழைய வகையோடு ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. எல்லாம் புதிதாகப் போட்டபிறகு ஊற்றினால் மட்டும் சரி. மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள், அடுத்தவர் கை வைக்காமல் இருக்க.

6 வோல்ட்டை 12 ஆக்கலாமா?

ஆக்கலாம், அவசியமில்லை. '6 வோல்ட் சோம்பேறி' என்ற பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம், பிற்பாடு யாரோ மாட்டிய ஒல்லி ஒயர். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் ஒயர் கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டும். எர்த் ஒயர் மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியட்டும். இதை மட்டும் செய்துவிட்டுப் பாருங்கள், மாற்றும் எண்ணமே போய்விடும்.

இருட்டடிப்பு விளக்குகளை, அதாவது எதிரி கண்ணில் படாமல் இரவில் ஓட்ட வைத்த மங்கல் விளக்குகளை, தேடிப் பிடித்து மாட்டுங்கள். பின்னால் பூனைக்கண் மாதிரி சின்னச் சின்னதாக இருக்கும். தூரத்திலிருந்து ஒரே புள்ளியாகத் தெரியும், நெருங்க இரண்டாகும், இன்னும் நெருங்க நான்காகும். முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று பின்னால் வருபவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். எனக்கு இந்த லாரியில் மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டே இல்லையே?

பண்ணையில் அதைக் கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். வண்டியை வாங்கும்போதே கொட்டகை, களஞ்சியம், முட்புதர் எல்லாம் தேடிவிடுங்கள். பிறகு போய்க் கேட்டால் இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு என்பார்கள். முன் சக்கர மூட்டு உருண்டைக்குள் கிரீஸ் கல்லாகியிருக்கும், அதைச் சுரண்டி எடுத்து, சீல் மாற்ற வேண்டும். ஜிஎம்சியில் இரண்டு விதமான ஆக்சில் வந்தது, நடுவில் பிளந்து போல்ட் போட்டது ஒன்று, பின்னால் மூடி வைத்தது இன்னொன்று. பண்ணையில் இரண்டு வண்டியை ஒன்றாக்கியிருந்தால் கலந்திருக்கும். ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களின் பற்களையும் எண்ணிப் பார்த்து, எல்லா ஆக்சிலும் ஒரே விகிதம்தானா என்று உறுதி செய்யாமல் முன் இழுவையைப் போடாதீர்கள்.

துருவை எடுக்க மணல் அடிக்கலாமா?

சேசுக்கு, ரிம்முக்கு, ஆக்சிலுக்கு அடிக்கலாம். கதவுக்கும் பானெட்டுக்கும் வேண்டாம். மெல்லிய தகடு மணல் மோதும் வேகத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், பிறகு எந்த டிங்கராலும் நிமிர்த்த முடியாது.

சின்னச் சாமான்களுக்கு நான் கழிவுப்பாகு, அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ், வைத்துக்கொள்கிறேன். ஒரு பங்கு கழிவுப்பாகு, ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு பீப்பாய். இரண்டு வாரம் கழித்து எடுத்துக் கழுவினால் இரும்பு சாம்பல் நிறத்தில் புதிதாக வரும். நாற்றம் தாங்காது, வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அலுமினியச் சாமான் எதையும் அதில் போடாதீர்கள், அரித்துவிடும். எடுத்தவுடன் காயவைத்து பிரைமர் அடிக்க வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் மறுபடி துரு.

சரியான ஆலிவ் நிறம் எது?

இந்தக் கேள்வியில் நட்பு முறிந்திருக்கிறது. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கொஞ்சம் மாறும், வெயிலில் இன்னும் மாறும். மூடி மறைந்திருந்த ஓர் இடத்தில், தகவல் தகட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டின் உட்புறத்திலோ, பழைய பூச்சைக் கண்டுபிடித்து அதற்கு நிறம் கலக்கச் சொல்லுங்கள். பளபளப்பு மட்டும் துளியும் கூடாது.

பிரிட்டன், கனடா லாரிக்காரர்கள் கவனிக்க: அடியில் பழுப்பு நிறம் வந்தால் அது பிரைமர் என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். போரின் நடுவில் பிரிட்டன் வண்டிகளுக்கு அடித்ததே பழுப்புதான், 1944இல்தான் ஆலிவுக்கு மாறினார்கள். பழுப்பின் மேல் ஆலிவ் இருந்தால் அதுவே வண்டியின் வயதைச் சொல்லும். அமெரிக்க வண்டிகளில் வெள்ளை நட்சத்திரம் 1942இலிருந்து பொதுவானது, அதைச் சுற்றிய வட்டம் அதற்குப் பிறகு வந்தது.

உடம்புக்குக் கெடுதல் ஏதாவது?

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உலர்வாகத் தேய்க்காதீர்கள். பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, புகைக்குழாய் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். இருட்டில் ஒளிரும்படி செய்த சில பழைய மீட்டர்களின் எழுத்தில் ரேடியம் உண்டு, இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகவில்லை. கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

சாமான், கையேடு?

ஜிஎம்சிக்கு ராணுவத்தின் பராமரிப்புக் கையேடு டிஎம் 9-801, சாமான் பட்டியல் எண் ஜி508. முக்கால் டன் டாட்ஜுக்கு ஜி502. இந்த எண்ணைச் சொல்லித் தேடினால்தான் கிடைக்கும், லாரியின் பெயரைச் சொன்னால் எல்லாமும் வரும். மொத்தமாக இன்னொரு செத்த வண்டி கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். ஆயில் சீலும் பேரிங்கும் அளவு எண்ணை வைத்துச் சாதாரணக் கடையிலேயே பெரும்பாலும் கிடைக்கும்.

முடித்த பிறகு ஓட்ட எப்படி இருக்கும்?

சத்தமாக, சூடாக, மெதுவாக. ஜிஎம்சியின் எச்சரிக்கைத் தகடு மணிக்கு 45 மைல், சுமார் 72 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்கிறது. தகடு சொல்லாவிட்டாலும் உங்கள் முதுகு சொல்லும். கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும், ஐந்தாவது கியர் சமதரைக்கு மட்டும். 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர் தொட்டிக்கு 300 மைல் ஓடும் என்று ராணுவக் கணக்கு. லிட்டருக்கு 3 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. கெட்டியான சாலையில் முன் இழுவையைப் போடாதீர்கள், வளைவில் ஆக்சில்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

எவ்வளவு நாள் ஆகும்?

நினைத்ததைப் போல மூன்று மடங்கு.

திரும்ப வயல் வேலைக்கு விடலாமா?

விடலாம், பாரம் அளவோடு இருந்தால். ஜிஎம்சியின் இரண்டரை டன் என்பது மேடுபள்ளத்துக்கான கணக்கு. பட்டை ஸ்பிரிங் எண்பது வருஷம் பழசு என்பதால் நான் அதில் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. போன அறுவடையில் வைக்கோல் கட்டுகளை இதில்தான் அடித்தோம். பதினொன்றாவது வரிசையில் மூன்று கோட்டோடு நின்ற கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்துப் பார்த்தேன். பிறகு எழுதாமல் எடுத்துவிட்டேன். எங்கள் கணக்கை அடுத்த பக்கக் கதவில் தொடங்கியிருக்கிறோம்.